தேரியைப் பாலைவனமாக்கிய நரி

ஒரு செம்மண் தேரியில் கொம்பையா என்ற நரி இருந்தது. அதே தேரியில் மாடத்தி என்ற கௌதாரியும் இருந்தது.

தேரி என்றால் மணல் காடு. சிவப்பு மணல், மேடு மேடாக. மேட்டின் மேல் முள் அடர்ந்த உடைமரம். உடைமரத்தின் கீழே கொழிஞ்சிச் செடி. அங்கங்கே பனை. பார்க்கிறவன் "சே, என்ன வறண்ட காடு!" என்று சொல்லிவிட்டுப் போவான். போகட்டும். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இரண்டு மேட்டுக்கு நடுவே, பள்ளத்தில், ஓர் ஊற்று இருந்தது. எந்தக் கோடையிலும் வற்றாது. பன்றி, முயல், எலி, உடும்பு எல்லாம் அதில்தான் குடித்தன. வேறு தண்ணீர் வேண்டுமென்றால் கிழக்கே குளத்துக்குப் போக வேண்டும். ஒரு பகல் நடை. நடுவில் ஊர். ஊரில் நாய்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த நாய்களோடு ஆட்கள் முயல் பிடிக்க வருவார்கள். நாய் குரைத்ததும் எல்லாம் உடைமுள்ளுக்குள் பாயும். நாய்கள் மூக்கில் முள் வாங்கிக்கொண்டு திரும்பும். உள்ளே கிடப்பவர்களுக்கும் கீறல்தான். நரிக்கு வாலில் பாதி மயிர் முள்ளிலேயே போய்விட்டது.

"இந்த முள்ளுக்குள்ள எத்தனை நாளைக்குத்தான் ஒளியிறது! இதெல்லாம் ஒரு பிழைப்பா!" என்று அது பல்லைக் கடிக்கும்.

அப்படியிருக்கும்போதுதான் ஒட்டகம் வந்தது.

தேரிக்கு ஒட்டகம் எப்படி வரும் என்று கேட்க வேண்டாம். அது வடக்கே பாலைவனத்தில் பிறந்தது. கடற்கரையில் பிள்ளைகளை முதுகில் ஏற்றி நடந்தது. வயதாகிவிட்டது. சொந்தக்காரன் ஒருநாள் கயிற்றை அவிழ்த்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டான். ஒட்டகம் இரண்டு நாள் அதே இடத்தில் நின்றது. மூன்றாம் நாள் நடந்து தேரிக்கு வந்தது. பெயர் கேசர்.

அடுத்த ஞாயிறு நாய்கள் வந்தன. மேட்டின் மேல் ஒட்டகம் நின்றது. கழுத்தை நீட்டி ஒரு கனைப்புக் கனைத்தது. நாய்கள் அந்த மாதிரி மிருகத்தைக் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. வாலை இடுக்கிக்கொண்டு ஓடியவை ஊர் எல்லை தாண்டித்தான் நின்றன. பிறகு வரவே இல்லை.

நரி பாதையின் நடுவில் நடக்க ஆரம்பித்தது!

"என்ன கொம்பையா, நடை மாறிப்போச்சு?" என்று கேட்டது பன்றி.

"நம்ம அண்ணாச்சி இருக்கையில நமக்கென்னவே பயம்!" என்றது நரி. பகல் முழுக்க ஒட்டகத்தின் நிழலிலேயே படுத்துக் கிடந்தது.

ஒட்டகத்துக்கு மட்டும் மனம் ஒட்டவில்லை. பொழுது சாய்ந்தால் வடக்கே பார்த்து நிற்கும். எல்லாரும் சுற்றி உட்காருவார்கள். அது தன் ஊரைப் பற்றிச் சொல்லும்.

"எங்க பாலைவனம் இப்படியா இருக்கும்! ஒரே மணல். அலை அலையா. கண்ணுக்குக் குறுக்கே ஒண்ணும் கிடையாது. பார்வை போய் வானத்துலதான் முட்டும். காத்தடிச்சா மணல் வழுகி ஒரு சத்தம் போடும் பாருங்க, இன்னும் என் காதுல இருக்கு. வெயில் தாழ்ந்ததும் மணல் ஆறிப்போகும். எங்க அம்மா அதுல நாலு காலையும் தூக்கிப் புரளுவா. நானும் புரளுவேன். எழுந்து உதறினா, உடம்புல ஒரு துளி அழுக்கு இருக்காது. ஒரு முள் குத்தாது. இங்கே புரள முடியுமா?"

சொல்லிக்கொண்டே ஒட்டகம் தலைக்கு மேலிருந்த உடைமரக் கொப்பை இழுத்தது. முள்ளோடு சேர்த்து மென்று விழுங்கியது. அதை யாரும் கவனிக்கவில்லை. ஒட்டகமே கவனிக்கவில்லை.

ஒட்டகத்தின் கண் நிறைந்திருந்தது. "அழாதீங்க அண்ணாச்சி" என்றது முயல். அதற்கும் கண் கலங்கிவிட்டது. காணாத பாலைவனத்துக்காக எல்லாரும் ஏங்கினார்கள்.

வைகாசி பிறந்தது. ஒட்டகம் ஒருநாள் சொன்னது:

"மேல்காத்து எடுக்கும் முன்னே கிளம்பிடலாம்னு பார்க்கிறேன். வடக்கே. நடந்தா ஒரு வருஷத்துல போய்ச் சேரலாம். சாகிறதுன்னா அந்த மணல்ல சாகணும்."

நரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணாச்சி போனால் நாய் வரும். நாய் வந்தால் பழையபடி முள்ளுக்குள் ஓட வேண்டும். பாதையின் நடுவில் நடந்து பழகியவனுக்கு அது முடிகிற காரியமா?

மறுநாள் காலையிலேயே நரி எல்லாரையும் ஊற்றங்கரைக்குக் கூப்பிட்டது. ஒட்டகத்தைக் கூப்பிடவில்லை.

"அண்ணாச்சி போகப் போறாரு. போனா என்னாகும்னு உங்களுக்கே தெரியும். ஏலே முயலு, உன் தம்பியை எந்த நாய் தூக்கிச்சு?"

"காது கிழிஞ்ச நாய்" என்றது முயல் மெதுவாக.

"கேட்டீங்களா! அவர் ஏன் போறாரு? பாலைவனத்துக்கு ஏங்கிப் போறாரு. நாமளே இங்க ஒரு பாலைவனம் செஞ்சு குடுத்தா?"

"எப்படிச் செய்யிறது?" என்றது பன்றி.

"மணல் இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"வெயில் இருக்கா?"

"அதுக்கென்ன குறைச்சல்!"

"அப்புறம் என்னவே? மணல் இருக்கு, வெயில் இருக்கு. முள்ளையும் செடியையும் எடுத்துட்டா மிச்சம் பாலைவனந்தானே! பெரிய வித்தையா இது?"

எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. முள்ளை யாருக்குத்தான் பிடிக்கும்?

ஒரே ஒரு குரல் எழுந்தது. கௌதாரி.

"என் கூடு உடைமரத்தடியிலதான் இருக்கு. ஏழு முட்டை. அடை காக்கிறேன். முள்ளை எடுத்தா நான் எங்க போறது?"

"மயினி, ஒரு கூட்டுக்காக ஊரே நாய்க்கு இரையாகணுமா?" என்றது நரி.

"ஊருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். இந்த முள்ளு எதுக்கு இங்க நிக்குதுன்னு யாருக்காவது தெரியுமா?"

"முள்ளுக்கு என்ன காரணம் வேண்டியிருக்கு! குத்துறதுக்கு நிக்குது!" என்றது நரி. எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததோடு பேச்சு முடிந்தது. கூட்டத்தில் சிரிக்க வைத்தவன் பக்கம்தான் ஞாயம். எல்லா இடத்திலும் அப்படித்தான்.

"சரி மயினி, உன் புதரைக் கடைசியா எடுக்கிறோம். குஞ்சு பொரிச்ச பிறகு. போதுமா?"

கௌதாரி கூட்டுக்குத் திரும்பிப் போனது.

நரி நேரே ஒட்டகத்திடம் ஓடியது.

"அண்ணாச்சி! தூரப் பயணம் போறவர் வெறும் உடம்போட போகலாமா? கிழக்கே உப்பளத்து ஓரமா உமரிச்செடி தளதளன்னு கிடக்காம். உப்பு ருசி. ஒரு மாசம் தின்னு உடம்பைத் தேத்திட்டு வாங்க. வந்து எங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க."

உப்பு என்றதும் ஒட்டகத்துக்கு நாக்கு ஊறியது. உடும்பு வழி காட்டியது. இரண்டும் ஊரைத் தாண்டிக் கிழக்கே போயின. ஊர் நாய்களுக்குப் பழைய பயம் இன்னும் தெளியவில்லை.

வேலை தொடங்கியது. பன்றிகள் உடைமரங்களின் தூரைக் கிளறின. எலிகள் வேரைக் கடித்தன. முயல்கள் கொழிஞ்சியைக் கத்தரித்துத் தள்ளின. நரி ஒன்றும் செய்யவில்லை. மேட்டின் மேல் நின்று, "அந்தா, அங்க ஒண்ணு நிக்குது! அதை விட்டுட்டியே!" என்று கத்திக்கொண்டிருந்தது. மேற்கு மேடு முதலில் மொட்டையானது. பிறகு கிழக்கு மேடு. பனைகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்கள்.

ஒருநாள் நரி கௌதாரியின் புதரடிக்கு வந்தது. முட்டைகள் பொரிந்திருந்தன. ஏழு குஞ்சுகள் செம்மண் உருண்டை மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.

"வாழ்த்துக்கள் மயினி! குஞ்சு வந்தாச்சு. இனி எதுக்குப் புதர்?"

"இதுகளுக்கு இன்னும் சிறகு முளைக்கல."

"காலு முளைச்சிருக்கே!"

பன்றி தலையைக் குனிந்துகொண்டு வந்தது. கௌதாரியின் முகத்தைப் பார்க்காமல் வேலையை முடித்தது. தேரியின் கடைசிப் புதர் அது.

நரி மேட்டில் ஏறிப் பார்த்தது. கண்ணுக்குக் குறுக்கே ஒன்றும் இல்லை. பார்வை போய் வானத்தில் முட்டியது!

"பாலைவனம்!" என்று ஊளையிட்டது. "ஏலே, நாம பாலைவனம் செஞ்சுட்டோம்லே!"

எல்லாரும் மணலில் புரண்டார்கள். ஒரு முள் குத்தவில்லை. அன்றைக்கு எல்லாருக்கும் சந்தோஷம்தான். பொய் சொல்லக் கூடாது.

ஆனி மாதம் மேற்கிலிருந்து மேல்காற்று எடுத்தது.

வருஷா வருஷம் எடுக்கிற காற்றுதான். உடைமரம் தலையை ஆட்டும், கொழிஞ்சி மணலைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், காற்று தாண்டிப் போய்விடும். இந்த வருஷம் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. மேற்கு மேடு புகைந்தது. மணல் எழுந்து நடந்தது. இரண்டு நாள் யாராலும் கண்ணைத் திறக்க முடியவில்லை. எலி வளைகள் மூடிப்போயின. முயல்கள் பனையின் அடியில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. கௌதாரி ஏழு குஞ்சுகளையும் சிறகுக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தது.

மூன்றாம் நாள் விடியலில் காற்று கொஞ்சம் தணிந்தது. எல்லாரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

ஊற்று இருந்த பள்ளம் இல்லை. மேற்கு மேடு வந்து அதில் உட்கார்ந்துவிட்டது.

"இங்கதானே இருந்தது?" என்றது முயல்.

"தோண்டுங்க!" என்று கத்தியது நரி.

பன்றிகள் தோண்டின. ஒரு முழம் தோண்டினால் இரண்டு முழம் சரிந்தது. நரியும் இறங்கித் தோண்டியது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். ஈரம்கூடக் கண்ணில் படவில்லை.

கௌதாரிக் குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடின. சத்தம் வரவில்லை. தாய் அவற்றைப் பார்த்தது. கிழக்கே பார்த்தது. குளம் ஒரு பகல் நடை. அது பெரியவர்களின் நடை. குஞ்சுகளின் கால்களுக்கு அது எட்டாத தூரம்.

அந்த வேளையில்தான் ஒட்டகம் வந்தது. உடும்பு பின்னால் வந்தது. மேட்டின் உச்சியில் ஒட்டகம் நின்றுவிட்டது.

நரி மூச்சு வாங்க ஓடியது.

"அண்ணாச்சி! பார்த்தீங்களா! உங்க ஊர் மாதிரியே! எல்லாம் உங்களுக்காகத்தான்! இனி வடக்கே போக வேண்டாம்!"

"இங்கே ஒரு உடைமரம் நின்னுதே" என்றது ஒட்டகம். "நான் தின்கிற மரம். அது எங்கே?"

"அந்த முள்ளா? எடுத்தாச்சு!"

"அப்ப நான் எதைத் தின்கிறது?"

நரி முழித்தது. "பாலைவனத்துல என்ன தின்னீங்களோ, அதை!"

"பாலைவனத்துல முள்ளைத்தான் தின்னேன்!"

காற்று மணலை நரியின் மூஞ்சியில் வாரி அடித்தது.

"எங்க ஊர்ல முள்ளோட வன்னி மரம் நிக்கும்" என்றது ஒட்டகம். குரல் இறங்கியிருந்தது. "ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல அரைநாள் நடை. அதோட நிழல்லதான் குட்டி போடுவாங்க. அதுல கை வெச்சவனோட யாரும் பேச மாட்டாங்க. மணலுக்கு அடியில புல்லு வேர் ஓடும். மழை வந்தா எங்கே முளைக்கும்னு எங்க அம்மாவுக்குத் தெரியும். எங்க மணல் நடக்கிற மணல். அதனால நாங்களும் நடக்கிறவங்க. இன்னைக்கு ஒரு கிணறு. அடுத்த கிணறு நாலு நாள் கழிச்சு. நடந்தா உயிர், நின்னா செத்தோம். அதுதான் பாலைவனம். அதுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு."

ஒட்டகம் மூடிப்போன பள்ளத்தைப் பார்த்தது.

"உங்களுது வேற. உங்க காட்டுல மணல் உட்கார்ந்திருந்தது. செடி பிடிச்சுக்கிட்டு இருந்ததால உட்கார்ந்திருந்தது. மணல் உட்கார்ந்ததால தண்ணி உட்கார்ந்திருந்தது. தண்ணி இருந்ததால நீங்க இருந்தீங்க. யாரும் நட்டது இல்லை, யாரும் வரிசை போட்டது இல்லை. ஆனா எல்லாம் இடத்துல இருந்தது. நான் வந்த அன்னைக்கே பார்த்தேன்."

"பார்த்தீங்கல்ல!" என்று கௌதாரி முன்னால் வந்தது. அதுவரை அது யாரிடமும் கோபப்பட்டதில்லை. "பார்த்தும் ஏன் சொல்லல? தினமும் சாயங்காலம் உட்கார்ந்து கதை சொன்னீங்களே! மணல் வழுகிறதைச் சொன்னீங்க, அம்மா புரண்டதைச் சொன்னீங்க. வன்னி மரத்தைச் சொன்னீங்களா? நாலு நாள் தாகத்தைச் சொன்னீங்களா?"

ஒட்டகம் கழுத்தைத் தாழ்த்தியது. தாழ்த்தித் தாழ்த்தி, முகம் கௌதாரியின் முகத்துக்கு நேராக வந்தது.

"இல்லை, தாயி. ஞாபகத்துக்கு வரல. ஏங்குறவனுக்கு நல்லது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். தாகத்தை யார் நினைச்சு ஏங்குவாங்க?"

அதற்கு மேல் திட்ட கௌதாரிக்கு நேரமில்லை. கடைசிக் குஞ்சு மணலில் சாய்ந்துவிட்டது.

"இதுக தண்ணி வரைக்கும் நடக்காது" என்றது.

"நான் நடப்பேன்" என்றது ஒட்டகம். "எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் அதுதான்."

முன்காலை மடக்கியது. பின்காலை மடக்கியது. மணலில் உட்கார்ந்தது. கடற்கரையில் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு தானாக வந்தது: "பயப்படாம ஏறுங்க! பிடிச்சுக்கோங்க! ஒண்ணும் ஆகாது!"

உடும்பு ஒவ்வொரு குஞ்சாக வாயில் கவ்வி மேலே ஏற்றியது. ஏழையும் திமிலின் மயிருக்குள் செருகியது. கௌதாரி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. ஒட்டகம் எழுந்தது. முயல்களும் எலிகளும் அதன் நிழலுக்குள் வரிசையாகச் சேர்ந்துகொண்டன. பன்றிகள் பின்னால் வந்தன.

நரி மட்டும் நகரவில்லை.

"வா கொம்பையா" என்றது ஒட்டகம்.

"குளத்துக்கரையிலேயே தங்கிடுவீங்களா, அண்ணாச்சி?"

"இல்லை. இறக்கி விட்டுட்டு வடக்கே போறேன்."

"அப்ப நாய் வந்தா?"

"நாய் வந்தா முன்னே என்ன செஞ்சே?"

"முள்ளுக்குள்ள ஓடினேன்."

நரி திரும்பி மேற்கே பார்த்தது. கிழக்கே பார்த்தது. நாலு பக்கமும் பார்த்தது. பார்வை எங்கே போனாலும் வானத்தில்தான் முட்டியது. பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில், எலிக் குஞ்சுகளுக்கும் பின்னால், நடந்தது.

ஊர் வழியாகப் போகும்போது நாய்கள் குரைக்கவில்லை. வாசலுக்குள் போய் ஒண்டிக்கொண்டன. பொழுது சாயும் முன் குளம் வந்தது. ஏழு குஞ்சுகளும் இறங்கின. ஏழும் குடித்தன. சாய்ந்து விழுந்த கடைசிக் குஞ்சுதான் அதிகம் குடித்தது.

ஒட்டகம் வயிறு முட்டக் குடித்துவிட்டு வடக்கே திரும்பியது. போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

குளத்துக்கரையில் வயல் இருந்தது, வரப்பு இருந்தது, ஆள் நடமாட்டம் இருந்தது. ஒளிய இடமும் இருந்தது, ஆனால் அதெல்லாம் யாரோ ஒருவருடைய இடம். கதிர் அறுத்தால் இடம் மாற வேண்டும். தண்ணீர் பாய்ச்சினால் எழுந்து ஓட வேண்டும். பெரியவர்கள் அடிக்கடி மேற்கே பார்த்தார்கள்.

குஞ்சுகள் வளர்ந்தன. சிறகு முளைத்தது. ஒருநாள் அவை கேட்டன:

"அம்மா, நாம பிறந்த ஊர் எப்படி இருக்கும்?"

கௌதாரி மேற்கே திரும்பி உட்கார்ந்தது. பிறகு சொன்னது.

"மண்ணு சிவப்பா இருக்கும். வெயில்ல கால் சுடும். உடைமரம் நிக்கும், முள்ளு நாலு விரல் நீளம், நல்லாக் குத்தும். எனக்கு இந்தச் சிறகுல பாருங்க, தழும்பு. கொழிஞ்சி கால்ல சிக்கும். ஊத்துக்குப் போற வழியெல்லாம் சிக்கும். அந்தத் தண்ணிதான் நான் குடிச்சதுலயே நல்ல தண்ணி."

"முள்ளு குத்துமா? அப்ப அது மோசமான ஊரா?"

"குத்தும்" என்றது கௌதாரி. "அந்த முள்ளுக்கு அடியிலதான் உங்களைப் பொரிச்சேன்."

தூரத்தில், புல்லுக்குள் படுத்துக் கிடந்த நரி காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது.

பாலைவனம் தானாய் அமைந்த ஓர் உலகம், காடு தானாய் அமைந்த இன்னோர் உலகம். காட்டைப் பிடுங்கி எறிந்தால் கிடைப்பது பாலைவனம் அல்ல, வெறும் பாழ்.